பரீட்சை எதைக் கேட்க வேண்டும்?
விஞ்ஞானம் கற்பித்தலும் கணித்தலும் பற்றிய ஒரு பாடம்



சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்திருந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். தாய் தன் மகனைச் சுட்டிக் காட்டி, "இவனுக்கு விஞ்ஞானம் ஓடாது, சுவாமி. மூண்டு பள்ளிக்கூடம் மாறிப் போட்டான். போன தவணை 28 புள்ளி" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நான் பேச்சை மாற்றி, "தம்பி, இந்தப் பாத்திக்கு எப்ப தண்ணி விட்டனீர்?" என்று கேட்டேன். அவன் உடனே குந்தியிருந்து மண்ணை விரலால் கிண்டினான். "முந்தநாள் விட்டது, சுவாமி. மேல் மண் காய்ஞ்சிட்டுது. ஆனால் ஒரு விரல் ஆழத்தில ஈரம் கிடக்கு. அங்கால வேலிக்கரைப் பாத்தி வேறை. அதுக்குக் காத்துப் படுகிறது, கெதியாய்க் காயும். அதுக்கு மட்டும் இண்டைக்கு இறைச்சால் போதும்" என்றான்.

அந்தப் பையன் செய்தது என்ன? உற்றுநோக்கினான், சோதித்தான், இரண்டு பாத்திகளை ஒப்பிட்டான், வித்தியாசத்துக்குக் காரணம் சொன்னான், அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தான். விஞ்ஞானம் என்பது இதுதான். அப்படியானால் அவனுக்குக் கிடைத்த 28 புள்ளிகள் எதைக் குறிக்கின்றன? அவனிடம் இருந்த அறிவு வினாத்தாளுக்கு வந்து சேரவில்லை என்பதையே குறிக்கின்றன. பிழை முழுவதும் அவனுடையது என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

பிள்ளையின் அறிவுக்கும் பரீட்சைக்கும் நடுவே இரண்டு மதில்கள் உள்ளன. ஒன்று மொழி. மற்றது கேள்வியின் தன்மை. இந்த இரண்டையும் தாண்டுவதற்குச் சில ஆசிரியர்கள் தம் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்கக்கூடியதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முதலாவது மதில்: மொழி

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயருக்குரியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், 1847 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். நோயாளரைப் பார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. எமது இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தையும் அதற்கு அடிப்படையான விஞ்ஞானத்தையும் கற்பித்தார்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர்களுக்குக் கிராமத்தைவிட உத்தியோகமும் சம்பளமும் பெரிதாகத் தெரிந்தன. கிராமத்தவருக்கோ ஊரோடு இருக்கும் வைத்தியர் தேவைப்பட்டார். எனவே 1857 இல் தாயகம் சென்று 1862 இல் திரும்பி வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடத்தினார். அக்காலத்தில் இது பெரிய துணிச்சல். உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் வேண்டும், நூல்களும் வேண்டும். அவரும் மாணவர்களும் சேர்ந்து அவற்றை உண்டாக்கினார்கள். முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவது, இல்லையேல் வடமொழியில் தேடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பதே அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு. 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் இரசாயன நூலான 'கெமிஸ்தம்' என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884 இல் இறக்கும்வரை அவர் தமிழ் நூல் வேலையைக் கைவிடவில்லை. அவரிடம் கற்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ஒரு பிள்ளைக்கு விளங்காத சொல்லில் கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி அவனுடைய விஞ்ஞானத்தை அளக்காது. அவனுக்குத் தெரிந்த சொற்களின் தொகையையே அளக்கும். இன்று எமது பிள்ளைகள் தமிழில்தான் விஞ்ஞானம் படிக்கிறார்கள். ஆயினும் பாடப்புத்தகத் தமிழ் அவர்களுக்குச் சில வேளைகளில் இன்னொரு மொழிபோல் இருக்கிறது. 'ஆவியுயிர்ப்பு' என்ற சொல்லைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு, மத்தியான வெயிலில் புகையிலை இலை ஏன் வாடுகிறது, பொழுதுபட ஏன் நிமிர்கிறது என்பது பழகிய விடயம். அந்த இரண்டையும் இணைத்துக் கொடுப்பதே ஆசிரியரின் வேலை. அது பெற்றோரின் வேலையுமாகும்.

2. இரண்டாவது மதில்: கேள்வி

மொழி விளங்கினாலும் கேள்வி வெறும் மனனத்தைக் கேட்பதாயின் பயனில்லை. இந்த மதிலை உடைக்க முயன்ற ஒரு பெரிய முயற்சி இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. நர்மதை ஆற்றங்கரையில் உள்ள ஹோஷங்காபாத் மாவட்டம் (2022 முதல் அதன் பெயர் நர்மதாபுரம்) எம்மைப்போல் விவசாயிகள் வாழும் இடம். அங்கே 1972 இல் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவை இரண்டு கிராம அபிவிருத்தி நிறுவனங்கள். ஒன்று குவேக்கர் கிறிஸ்தவர்களின் ரசூலியா நண்பர்கள் கிராம நிலையம். மற்றது அனில் சத்கோபால் என்ற விஞ்ஞானி பம்பாயின் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றை விட்டு வந்து அமைத்த கிஷோர் பாரதி. 1978 இல் அரசாங்கத்தின் ஒத்துழைப்போடு திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982 இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவாகி அதைப் பொறுப்பேற்றது.

அங்கே 6 ஆம், 7 ஆம், 8 ஆம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகக் குழுவாக இருந்து பரிசோதனை செய்தார்கள். 'பால வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகம் விடைகளைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைச் செய்து பார், என்ன கண்டாய், ஏன் அப்படி என்று கேட்டது. விலைகூடிய உபகரணங்களுக்குப் பதிலாகக் கையில் கிடைப்பவை பயன்பட்டன. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லையென்றால் கருவேல முள் உதவியது.

இத்திட்டத்தை நடத்தியோர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பரிசோதனை செய்வித்தாலும், ஆண்டிறுதிப் பரீட்சை மனனத்தைக் கேட்டால், பிள்ளைகளும் பெற்றோரும் மனனத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஆகவே அவர்கள் பரீட்சையையே மாற்றினார்கள். 8 ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்குப் பிள்ளைகள் தம் புத்தகத்தையும் தாமே எழுதிய குறிப்புக் கொப்பியையும் கொண்டுவரலாம். புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் வரைவிலக்கணம் கேட்பதில் பயனில்லை அல்லவா? புதிய ஒரு நிலைமையைக் கொடுத்து யோசிக்கும்படிதான் கேட்கலாம். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் இருந்தது. வினாக்களைத் தயாரிப்பதிலும் விடைகளைத் திருத்துவதிலும் கிராமப் பாடசாலை ஆசிரியர்கள் பங்கெடுத்தார்கள். இதனால் சாதாரண ஆசிரியர்கள் பலர் நல்ல வினா தயாரிப்பவர்களாக வளர்ந்தார்கள்.

2002 இல் மாநில அரசாங்கம் இத்திட்டத்தை நிறுத்தியது. நாட்டின் விஞ்ஞானிகளும் கல்வியாளரும் பலர் எதிர்த்தும் அந்த முடிவு மாறவில்லை. முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு வேலை ஓர் உத்தரவால் நின்றுபோனது துக்கமானதே. ஆனால் கிராமத்துப் பிள்ளை யோசிப்பான், கிராமத்து ஆசிரியர் நல்ல கேள்வி ஆக்குவார் என்பதை அது காட்டிவிட்டது.

3. எமது நாட்டில்

இலங்கையிலும் இதுபோன்ற எண்ணம் இல்லாமல் இல்லை. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தது. அதுவரை கிராமப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானம் எட்டாக்கனி. அத்தோடு, அந்தந்த ஊர்த் தொழில்களைப் பாடமாக்கும் முன்தொழிற் பாடங்களும் வந்தன. புதிய தேசிய கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை 1975 இல் முதன்முறை நடந்தது. 1977 இன் ஆட்சி மாற்றத்தின்பின் அது கைவிடப்பட்டு, பழைய சாதாரண தரம் திரும்பி வந்தது. 1985 இன் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் உருவானது. 1990களின் பிற்பகுதியில் பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. 2007 இல் தொடங்கிய புதிய பாடவிதானம், பிள்ளை தானே கண்டறிந்து கற்கும் ஐந்து படிநிலை முறையை விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தது.

கொள்கைகள் நல்லவை. ஆனால் எம்மவருக்குப் பரீட்சைப் புள்ளி என்றால் நெஞ்சு படபடக்கும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டபோது, ஓரிரு புள்ளிகளால் வாழ்வு மாறியவர்களை நாம் அறிவோம். பின்னர் யுத்தம் வந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் புறப்பட்டபோது, பாடசாலைகளின் ஆய்வுகூடங்களைத் தலையில் சுமந்து செல்ல முடியவில்லை. உங்களில் சிலர் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டீர்கள். சிலர் இன்னும் பிறர் காணியில் இருக்கிறீர்கள். காணி போன குடும்பத்துக்குப் படிப்பே முதுசம் என்று ஆனதால், பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பி விடைகளைப் பாடமாக்க வைக்கிறோம். இது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆயினும் பாடமாக்கிய விடை பரீட்சை மண்டபத்தோடு போய்விடும். யோசிக்கும் பழக்கமோ எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

4. நல்ல வினா ஒன்றை ஆக்குவது எப்படி?

இரண்டு வினாக்களை ஒப்பிடுங்கள்.

முதலாவது: "சேதனப் பசளையின் நன்மைகள் மூன்று தருக."

இரண்டாவது: "ஒரு விவசாயி இரண்டு வெங்காயப் பாத்திகளில் ஒன்றுக்கு மாட்டெரு போட்டார். மற்றதற்குப் போடவில்லை. எரு போட்ட பாத்தி நல்ல வெயிலில் இருந்தது. மற்றது பூவரச மர நிழலில் இருந்தது. எரு போட்ட பாத்தியில் விளைச்சல் கூடியது. 'எருவால்தான் கூடியது' என்று அவர் சொல்வதை ஏற்பீரா? காரணம் கூறுக. சந்தேகத்தைத் தீர்க்க அவர் அடுத்த போகத்தில் என்ன செய்ய வேண்டும்?"

முதலாவதை மனனம் செய்து எழுதலாம். இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும். அதற்கு நான்கு புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதற்கு ஒன்று. வெயிலும் நிழலும் வேறுபட்டன என்ற காரணத்துக்கு ஒன்று. இரண்டு பாத்திகளும் ஒரே வெயிலில், ஒரே அளவில், ஒரே விதை வெங்காயத்தோடும் ஒரே அளவு தண்ணீரோடும் இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. எரு மட்டும் வேறுபட வேண்டும் என்பதற்கு ஒன்று. 'எரு நல்லதுதானே, ஏற்கலாம்' என்று ஒரு பிள்ளை எழுதினால், புள்ளி போடாமல் விடுவதோடு ஆசிரியர் நின்றுவிடக் கூடாது. ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை இன்னும் பிடிக்கவில்லை என்று அறிந்து, நாளைக்கு அதைக் கற்பிக்க வேண்டும். கணிப்பீட்டின் உண்மையான நோக்கம் இதுவே.

வினா தயாரிக்கும் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை:

அ) எதை அறிய விரும்புகிறோம் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆ) வசனங்கள் சிறியனவாயும் சொற்கள் தெரிந்தனவாயும் இருக்க வேண்டும்.

இ) புள்ளித் திட்டத்தை வினாவோடு சேர்த்தே எழுத வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் வினா தெளிவில்லை என்பது பொருள்.

ஈ) சில பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டால் வினாவைத் திருத்த வேண்டும்.

உ) நாம் எதிர்பாராத ஒரு விடையைப் பிள்ளை தந்து, அது நியாயமாகவும் இருந்தால், புள்ளித் திட்டத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

ஊ) இடம்பெயர்ந்த பிள்ளைக்கு வினா அநீதி செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்சன் சுடரடுப்பைக் கண்ணாலேயே காணாத பிள்ளையிடம் அதன் பகுதிகளைக் கேட்டால், நாம் அளப்பது பிள்ளையின் அறிவை அல்ல, பாடசாலையின் வறுமையை.

5. வீட்டிலும் தோட்டத்திலும் செய்யக்கூடியவை

பெற்றோரே, நீங்கள் படிக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கீழே உள்ள மூன்று வேலைகளையும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

முளைதிறன்: பத்துப் பயறு அல்லது கௌப்பி விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, நாலைந்து நாட்களில் எத்தனை முளைத்தன என்று எண்ணச் சொல்லுங்கள். பத்தில் எட்டு முளைத்தால் 80 வீதம். 'பத்துப் போதுமா? நூறு எடுத்தால் என்ன நன்மை?' என்று கேளுங்கள். விதைக்கு எவ்வளவு காசு செலவழிப்பது என்பதை அந்தக் கணக்கை வைத்தே தீர்மானியுங்கள். தன் கணக்கில் வீடு தங்கியிருக்கிறது என்று கண்டால் பிள்ளை கவனமாக எண்ணும்.

மழை: நேரான சுவருள்ள ஒரு தகரப் பேணியை வெளியில் வைத்து, பெய்த மழையை அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்; ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் எத்தனை லீற்றர் விழும்? ஏறக்குறைய 2,530 லீற்றர். இதைப் பிள்ளை தானாகக் கணிக்கட்டும்.

கிணறு: முடிச்சுப் போட்ட கயிற்றால் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். 'மட்டம் எந்த மாதத்தில் இறங்கியது? அயல் கிணற்றில் இயந்திரம் போட்ட நாளில் என்ன நடந்தது?' என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி கேட்கும் தாய் தகப்பனே பிள்ளையின் முதலாவது விஞ்ஞான ஆசிரியர்.

பிள்ளை பிழையாகச் சொன்னால் ஏச வேண்டாம். 'எப்படித் தெரியும்?' என்று மட்டும் கேளுங்கள். புனித தோமையார் கண்டு தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னபோது, ஆண்டவர் அவரைத் துரத்திவிடவில்லை. தம் காயங்களைக் காட்டினார். ஆதாரம் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல.

6. இப்பணிக்கு எமது பிள்ளைகள்

விஞ்ஞானத்தில் விருப்பமுள்ள பிள்ளைக்கு வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு பாதைகள்தான் என்று எண்ண வேண்டாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதம் கற்றவர் பல்கலைக்கழகம் மூலமாகவோ தேசிய கல்வியியற் கல்லூரி மூலமாகவோ விஞ்ஞான ஆசிரியராகலாம். அனுபவம் பெற்றபின் ஆசிரிய ஆலோசகராகலாம். பொதுப் பரீட்சைகளின் விடைத்தாள்களைத் திருத்தும் பணியில் சேரலாம். பின்னர் வினாக்களைத் தயாரிப்போருள் ஒருவராகவும் வளரலாம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், பரீட்சார்த்திகள் எந்த வினாவில் எப்படித் தவறினார்கள் என்பது விளக்கப்படுகிறது. ஆசிரியரும் மூத்த மாணவரும் அவற்றைச் சேர்ந்து வாசிப்பது நல்லது.

வினாத்தாள் ஆக்கும் மேசையில் தோட்டம் தெரிந்த ஒருவர், இடம்பெயர்வின் வலி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால்தான், மண்ணை விரலால் கிண்டிப் பார்த்து விடை சொல்லும் பிள்ளைக்கும் அந்தத் தாளில் ஓர் இடம் இருக்கும். அந்த ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

கலந்துரையாடலுக்கு

1. எங்கள் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் தெரிந்த எவை பாடசாலைப் பரீட்சையில் கேட்கப்படுவதில்லை?

2. இடம்பெயர்வினால் எங்கள் பிள்ளைகள் இழந்த பாடங்களை ஈடுசெய்ய எமது ஊரில் உள்ள ஆசிரியர்களும் மூத்த மாணவரும் என்ன செய்யலாம்?

3. மேலே உள்ள மூன்று வேலைகளுள் ஒன்றை இம்மாதம் எமது சங்கத்தின் எல்லாப் பிள்ளைகளும் செய்து, அடுத்த கூட்டத்தில் தம் கொப்பிகளைக் காட்ட ஒழுங்கு செய்யலாமா? அதைப் பார்த்து விளக்கம் கேட்க யாரை அழைக்கலாம்?